பழைய பீர் தகரப் பலகைகள்: தேர்ந்தெடுப்பது முதல் சுவரில் மாட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் பலரும் செய்வது இதுதான்: படம் பிடித்துப்போகிறது, வாங்கிவிடுகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் பளபளவென்று தேய்க்கிறார்கள், சுவரில் ஆணி அடித்து மாட்டுகிறார்கள், அதற்கப்புறம் யாராவது ஒருவரிடம் "இது அசல்தானே?" என்று கேட்கிறார்கள். வரிசை முழுக்கத் தலைகீழ். தேய்த்தபின் அசலா என்று சொல்ல உதவும் அடையாளங்களில் பாதி போய்விடும், மாட்டியபின் சுவர் ஈரமாக இருப்பது தெரியவரும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

இங்கே பேசுவது பெரும்பாலும் அமெரிக்கப் பலகைகளைப் பற்றி. பீர் ஆலைகள் ஊருக்கு ஊர் இருந்து, ஒவ்வொன்றும் மதுக்கடைச் சுவர்களுக்காகத் தகரத்தில் விளம்பரம் அடித்துக் குவித்த நாடு அது. சந்தையில் கிடைக்கும் அசலும் போலியும் அதிகமாக அங்கிருந்துதான் வருகின்றன.

1. முதலில் சுவர்

பலகையைத் தேடுவதற்கு முன் அது எங்கே தொங்கப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். நீளம், அகலம், வெயில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ மழை படும் வெளிப்புறமோ இருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. நாம் 'தகரம்' என்று சொல்வது உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு, அதன் மேல் வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை இரும்பைக் காப்பாற்றும். ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் ஈரம் சேரும்போது இரும்புதான் முதலில் அரிக்கப்படும், பக்கத்தில் இருக்கும் வெள்ளீயப் பூச்சு அதைத் தடுக்காது, வேகப்படுத்தும். ஆகவே ஈரச்சுவர் என்றால் வேறு சுவர் தேடுங்கள், அடுப்புக்கு மேலே என்றாலும் அதே பதில்தான். நேர் வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப்போகும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

2. ஒரு வகை, ஒரு காலம்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்க்க நினைக்காதீர்கள். ஒரு வகையையோ ஒரு காலத்தையோ பிடித்துக்கொண்டால், பத்துப் பலகை பார்ப்பதற்குள் கண் பழகிவிடும். எல்லாவற்றையும் பார்த்தால் நூறு பார்த்தாலும் பழகாது.

வகைகள் இவை. தகரத்தின் ஓரத்தையே அச்சில் அழுத்தி மரச்சட்டம் போலத் தெரியவைத்த பலகைகள், எழுத்துகள் மேடாக எழும்பி நிற்கும் புடைப்புப் பலகைகள், கெட்டி அட்டையின் மேல் தகரத்தைப் போர்த்தி ஓரங்களைப் பின்னால் மடக்கிய பலகைகள், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நின்று இரண்டு பக்கமும் தெரியும் பலகைகள். எனாமல் பலகைகள் தனிச் சாதி. கனமாக இருக்கும், மேலே இருப்பது சூளையில் சுட்ட கண்ணாடிப் பூச்சு. அவற்றைச் சோதிக்கும் முறையும் சுத்தம் செய்யும் முறையும் வேறு, இங்கே அவற்றுக்குள் போகவில்லை.

காலம் என்றால் பெரிய கோடு மதுவிலக்கு. 1920 ஜனவரி 17-ல் அமெரிக்கா முழுவதும் அமலுக்கு வந்தது. 1933 ஏப்ரல் 7-ல் குறைந்த போதையுள்ள பீருக்கு அனுமதி கிடைத்தது, டிசம்பர் 5-ல் விலக்கு முழுதாக முடிந்தது. மதுவிலக்குக்கு முந்தைய பலகைகளில் ஆலைக் கட்டடங்கள், பெண்களின் உருவங்கள், குதிரை வண்டிகள் என்று படம் நுணுக்கமாக இருக்கும், வண்ணங்கள் பல அடுக்காக ஏறியிருக்கும். விலையும் அப்படித்தான். 1933-க்குப் பிந்தியவை எளிமையானவை, தூரத்திலிருந்தே படிக்கத் தோதானவை. நடுவிலே ஒரு சின்னக் கிளை உண்டு: விலக்குக் காலத்தில் ஆலைகள் பிழைக்க விற்ற, அரை சதவீதத்துக்கும் குறைந்த ஆல்கஹால் கொண்ட பானங்களின் பலகைகள். பாப்ஸ்ட் ஆலையின் பாப்லோவும் ஆன்ஹைசர்-புஷ் ஆலையின் பீவோவும் இந்த வகை. பலர் இவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான், ஒரு தொழில் மூச்சுத் திணறிய காலம் அப்படியே தகரத்தில் நிற்கிறது.

முதல் பலகைக்கு என் யோசனை: 1930-களின் கடைசியிலிருந்து 1950-கள் வரையிலான, அட்டை மேல் தகரம் போர்த்திய ஒன்று. உள்ளறைக்குள் தொங்கியவை என்பதால் நல்ல நிலையில் நிறையவே மிஞ்சியிருக்கின்றன, கற்றுக்கொள்ளத் தேவையான எல்லா அடையாளமும் அதில் உண்டு.

3. பையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், துணியில் சுற்றிய சிறு காந்தம், புற ஊதா டார்ச், அளவு நாடா, மெல்லிய பருத்திக் கையுறை, ஒரு நோட்டு. அவ்வளவுதான். காந்தத்தைத் துணியில் சுற்றச் சொல்வது கீறாமல் இருக்க. அதைப் பின்பக்கம் மட்டுமே வையுங்கள். பழைய ஓரங்கள் கத்தி போல இருக்கும், கையுறை உங்கள் விரலுக்கும் நல்லது.

4. பின்பக்கம், ஓரம், கடைசியில் முகம்

இந்தப் படியில்தான் அவசரப்படவே கூடாது. படத்தைப் பார்த்த நிமிடத்தில் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும், அதன்பின் பார்க்கும் எல்லாமே சரியாகத்தான் தெரியும். அதனால் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

பின்பக்கத்தில் தேட வேண்டியது சீரற்ற முதுமை. அட்டை இருந்தால் அதன் நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. சுவரை ஒட்டியிருந்த நடுப்பகுதி ஒரு நிறம், காற்றுபட்ட ஓரம் வேறு நிறம், கயிறு உரசிய இடத்தில் ஒரு தடம். பக்கத்து அட்டைக்கு வயசு தெரிகிறது, கயிறு மட்டும் புத்தம்புதுசு என்றால் கயிறு மாற்றப்பட்டிருக்கலாம், அது தவறில்லை. அட்டை முழுக்க ஒரே தேநீர் நிறத்தில் இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில்லாத வெறும் தகரம் என்றால் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம். பிற்காலத்தில் அலுமினியத்திலும் அசல் பலகைகள் வந்தன, ஆகவே அதை வைத்தே போலி என்று சொல்ல முடியாது. ஆனால் 1910-ஐச் சேர்ந்தது என்று சொல்லி விற்கும் பலகையில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து ஓரம். போர்த்திய பலகைகளில் தகரம் மடங்கும் வளைவை லென்ஸில் பாருங்கள். பழைய அச்சில் வளைவின் மேல்முகட்டில் மெல்லிய முடிக்கோடுகள் ஓடியிருக்கும், அங்கங்கே வண்ணம் பொடிந்து கீழே இருக்கும் வெள்ளை அடிப்பூச்சு தெரியும், அதற்கும் கீழே மங்கிய உலோகம். மூன்று அடுக்கும் படிப்படியாகத் தெரிவதுதான் உண்மையான தேய்மானம். உப்புத்தாளால் உரசிப் பழசாக்கியதில் வண்ணத்திலிருந்து நேராக உலோகத்துக்குப் போய்விடும், கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும்.

துருவும் அப்படித்தான். உண்மையான துரு ஆணித் துளையைச் சுற்றி, கீழ் ஓரத்தில், கீறல் விழுந்த கோட்டில் தொடங்கும். தண்ணீர் தங்கும் இடத்தில் பிறந்து சுற்றிலும் பழுப்பு நிழலாகப் பரவியிருக்கும், விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். நடுப்படத்தில், ஒரு கீறலும் இல்லாத இடத்தில், அழகாக ஒரு துருத் திட்டு இருந்தால் லென்ஸை வையுங்கள். அந்தத் துரு சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனதாக இருந்தால் அது அச்சடித்த துரு. ஒரு நண்பர் பெருமையோடு கொண்டுவந்து காட்டிய பலகையில் நான்கு மூலையிலும் இருந்த துரு ஒரே வடிவத்தில், கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போல இருந்தது. அவர் அதுவரை ஒரு மூலையைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்.

துளைகளையும் விடாதீர்கள். எத்தனையோ வருடம் ஆணியில் தொங்கிய துளையைச் சுற்றி ஆணித்தலை அழுத்திய வட்டம் இருக்கும். நான்கு மூலையிலும் கச்சிதமான துளைகள், சுற்றிலும் வண்ணம் துளிகூடச் சேதமில்லை, தகரம் வளைத்தால் வளைகிற அளவு மெல்லிசு என்றால் அது அலங்காரத்துக்காக இப்போது அடித்து விற்கும் சரக்கு.

இனி முகம். பழைய லித்தோ அச்சில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக ஏற்றி, அடுப்பில் காயவைத்து, கடைசியில் வார்னிஷ் பூசுவார்கள். லென்ஸில் பார்த்தால் முகத்தின் நிழல்கள் கையால் வைத்த புள்ளிகள் போல ஒழுங்கில்லாமல் இருக்கும், பெரிய எழுத்துகள் புள்ளியே இல்லாத கெட்டி நிறமாக இருக்கும். எழுத்துக்குள்ளேகூட நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு என்று பூவிதழ் போல அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால், பழைய பலகையின் புகைப்படத்தை எடுத்துத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த அசல்களிலும் படப்பகுதியில் ஒழுங்கான புள்ளிகள் உண்டு. ஆகவே படத்தை விட்டுவிட்டு எழுத்தின் ஓரத்தையே பாருங்கள்.

புடைப்பு எழுத்து என்றால் தேய்மானம் மேட்டில்தான் முதலில் வரும், பள்ளத்தில் அழுக்கு தங்கும். பள்ளம் சுத்தமாகவும் சமதளம் தேய்ந்தும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசியாக அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். பின்னாளில் தொட்டுப் பூசிய வண்ணம் சுற்றியிருப்பதிலிருந்து வேறு மாதிரி ஒளிரும் அல்லது கறுப்பாகத் திட்டாக நிற்கும். பூச்சு இருப்பது குற்றமில்லை, அதை மறைத்து முழுவிலை கேட்பதுதான் பிரச்சினை.

5. சின்ன எழுத்துகள் சொல்லும் காலம்

கீழ் ஓரத்தில் மிகச்சிறிய எழுத்தில் அச்சடித்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஓஹையோ மாநிலத்தின் கொஷாக்டன் என்ற சிறு ஊர் இந்தத் தொழிலின் பெரிய மையம். மீக் அண்ட் பீச், எச்.டி. பீச், அமெரிக்கன் ஆர்ட் ஒர்க்ஸ் எல்லாம் அங்கிருந்தவை. மீக் நிறுவனம் அமெரிக்கன் ஆர்ட் ஒர்க்ஸ் என்று பெயர் மாறியது 1909-ல், எனவே அந்தப் பெயருள்ள பலகையை 1900 என்று விற்றால் கணக்கு இடிக்கும். சிகாகோவின் சார்லஸ் ஷாங்க், நியூயார்க்கின் காஃப்மன் அண்ட் ஸ்ட்ராஸ் ஆகிய பெயர்களும் விலக்குக்கு முந்தைய பலகைகளில் அடிக்கடி வரும்.

வேறு சில கணக்குகள்:

பீர் டப்பா படம் இருந்தால் 1935-க்குப் பிறகு. டப்பாவில் பீர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது அந்த ஆண்டு ஜனவரியில்தான், குரூகர் ஆலையுடையது.

முகவரியில் நகரப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்க எண் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்ட காலமாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து இலக்க அஞ்சல் எண் என்றால் 1963-க்குப் பிறகு.

வட்டத்துக்குள் ஆர் எழுத்து இருந்தால் 1946-ல் வந்த வணிகச் சின்னச் சட்டத்துக்குப் பிந்தியது. விலக்குக்கு முந்தைய ஓவியம் போலத் தெரியும் பலகையில் இந்தக் குறி இருந்தால் அது மறு அச்சு.

இத்தோடு ஆலை இயங்கிய வருடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆலை மூடிய பிறகு அதற்கு விளம்பரம் வந்திருக்காது. இன்னொரு வலை கற்பனைப் பலகைகள்: பிராண்ட் உண்மை, ஆனால் அப்படியொரு பலகை அந்த ஆலையிலிருந்து வந்ததே இல்லை. இவற்றை ஒப்பிட அசல் கிடையாது என்பதால் புதியவர்கள் 'மிக அரிது' என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். 1970-களில் உரிமம் பெற்று அடித்த மறுபதிப்புகளும் இப்போது நிஜமாகவே பழசாகிவிட்டன, துருவும் நிஜம். அவற்றைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சின்ன எழுத்துகள்தான்.

6. நிலையை எடைபோட்டு விலை பேசுவது

ஒரே அளவு சேதம் எல்லா இடத்திலும் ஒரே அளவு விலையைக் குறைக்காது. ஓரத்தில் கட்டைவிரல் அளவு துரு இருந்தால் சகித்துக்கொள்ளலாம், அதே துரு படத்தில் இருக்கும் முகத்தின் மேல் என்றால் பலகையின் அழகே போயிற்று. ஆறடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து சேதம் கண்ணில் படவில்லை என்றால் சுவருக்கு அது போதும்.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையை அளவுகோலாக வைக்காதீர்கள், ஏலத்தில் முடிந்த விலைகளைப் பாருங்கள். கேட்கும் தொகை ஆசை, முடிந்த தொகை சந்தை. ஏலத்தில் எடுத்தால் ஏலக் கமிஷன், அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் சேர்த்து உங்கள் உச்சவரம்பை முன்கூட்டியே நோட்டில் எழுதிவிடுங்கள். ஏலச் சூட்டில் கை தானாக உயரும்.

7. வாங்கும் இடம்

சேகரிப்பவர்களின் சங்கங்கள் நடத்தும் சந்திப்புகள்தான் கற்றுக்கொள்ளச் சிறந்த இடம். 1970-ல் பீர் டப்பா சேகரிப்பவர்களுக்காகத் தொடங்கி, இன்று பீர் ஆலைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் விரிந்திருக்கும் ப்ரூவரி கலெக்டிபிள்ஸ் கிளப் ஆஃப் அமெரிக்கா இருக்கிறது, 1972-ல் தொடங்கிய நேஷனல் அசோசியேஷன் ப்ரூவரியானா அட்வர்டைசிங் இருக்கிறது. பெரிய சந்திப்புகளில் விடுதி அறைக்கு அறை போய்ப் பேசி வாங்குவது வழக்கம். பொருளைக் கையில் எடுத்து, கவிழ்த்து, விளக்கம் கேட்க முடியும். முதல் சந்திப்பில் எதையும் வாங்காமல் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.

இணையத்தில் என்றால் நான்கு படம் கேளுங்கள்: பின்பக்கம் முழுதாக, ஒரு ஓரம் மிக அருகில், கீழிருக்கும் சின்ன எழுத்து, பக்கவாட்டில் விளக்கு அடித்த முகம். பக்கவாட்டு ஒளியில்தான் நெளிவும் மறுபூச்சும் தெரியும். பின்பக்கப் படம் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

8. பாதுகாப்பாகக் கொண்டுவருவது

குமிழிப் பிளாஸ்டிக்கை அச்சின் மேல் நேராகச் சுற்ற விடாதீர்கள். வெப்பத்தில் வட்ட வட்டமாகத் தடம் வார்னிஷில் பதிந்துவிடும், அது போகாது. முதலில் அமிலமில்லாத மெல்லிய தாள், மேலே நுரைத்தாள், இருபுறமும் பலகையைவிடப் பெரிய கெட்டி அட்டை, அதன் மேல்தான் குமிழி. மூலைகள்தான் முதலில் மடங்கும், ஆகவே அட்டை நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அனுப்புகிறவருக்கு இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

9. முதலில் பதிவு, அப்புறம் சுத்தம்

துணியைத் தொடும் முன் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அளவு, அச்சகப் பெயர், வாங்கிய நாள், விலை, யாரிடமிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டு, பென்சில் குறிப்பு எதையும் எடுக்காதீர்கள், பலகையின் வரலாற்றுக்கு அவைதான் சாட்சி.

இனி சுத்தம். இதில்தான் நல்ல பலகைகள் அதிகம் சாகின்றன. மேலே இருக்கும் வார்னிஷ் வயதாக ஆகத் தேன் நிறமாகும், அதனால் வெள்ளை வெண்ணெய் நிறமாகத் தெரியும். புதியவர் அதை அழுக்கு என்று நினைக்கிறார், தேய்க்கிறார். சுவர்க்கறை போக்கும் வெள்ளை ஸ்பாஞ்சால் ஒருவர் துடைப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் இழுப்பில் மஞ்சள் போனது, அவர் முகத்தில் சந்தோஷம், இரண்டாவது இழுப்பில் ஸ்பாஞ்ச் சிவப்பாக மாறியது. அந்த ஸ்பாஞ்ச் மிக நுண்ணிய உப்புத்தாள். அரை நிமிடத்தில் எண்பது வருட அச்சு கரைந்துபோனது.

சரியான முறை: மென்மையான பிரஷால் தூசியைத் தட்டுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பருத்திப் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, கண்ணில் படாத மூலையில் சோதனை. குச்சியில் பழுப்பு மட்டும் வந்தால் அழுக்கு, வண்ணம் வந்தால் நிறுத்துங்கள். சரி என்றால் உள்ளங்கை அளவு உள்ளங்கை அளவாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அட்டை உள்ள பலகையில் ஈரம் ஓரத்துக்குப் போகவே கூடாது, அட்டை ஊறி உப்பும், தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

ஆல்கஹால், அம்மோனியா கலந்த கண்ணாடி திரவம், பாலிஷ் பசை, இரும்பு நார், வினிகர் எதுவும் வேண்டாம். துருவை நீக்கும் அமிலம் துருவோடு சேர்த்து வண்ணத்தையும் அரிக்கும். உதிராத துருவை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் உப்புத்தாள் போடவே கூடாது, வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

முழுக்க உலர்ந்தபின் உராய்வுப் பொருள் இல்லாத மெழுகு, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு கிடைத்தால் நல்லது, மிக மெல்லிசாக ஒரு பூச்சு. மெழுகு ஈரத்தைத் தள்ளிவைக்கும். வண்ணம் உதிரும் இடத்தில் பூசாதீர்கள், துணியோடு வந்துவிடும்.

10. மாட்டுவது

பலகையின் அளவில் ஒரு தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டரில் இருந்தால் நிற்பவரின் கண்ணுக்கு நேராக வரும். உட்கார்ந்து பேசும் இடமென்றால் கொஞ்சம் இறக்கலாம்.

புதுத் துளை போடாதீர்கள். இருக்கும் துளையைப் பயன்படுத்தினால் திருகுக்கும் தகரத்துக்கும் நடுவில் நைலான் வளையம் வையுங்கள், இறுக்கமாக முறுக்காதீர்கள். துளையே இல்லாத பலகைக்கு ஓரத்தைத் தாங்கும் கொக்கிகள் இருக்கின்றன. பழைய கயிறு இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு எடையைக் கீழிருந்து தாங்க ஏற்பாடு செய்யுங்கள். பின்னால் நான்கு மூலையிலும் சின்ன ஃபெல்ட் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

ஒளிதான் பாதி அழகு. இந்தப் பலகைகள் மதுக்கடையின் மங்கிய வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை. நேருக்கு நேர் வெள்ளை விளக்கு அடித்தால் தட்டையாக, பளிச்சென்று கண்ணைக் கூசும். மேலிருந்து சாய்வாக இதமான மஞ்சள் எல்இடி ஒளி விழுந்தால், புடைத்த எழுத்தின் கீழே மெல்லிய நிழல் விழுந்து பொன் நிறக் கோடுகள் எழும்பி வரும். அந்த மாற்றத்தை ஒருதரம் பார்த்தால் விளக்கைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒரே சுவரில் பல பலகைகள் வைக்க ஆசை என்றால் பெரியதை முதலில் இடம் வைத்துவிட்டு, அதன் ஒரு வண்ணத்தைப் பகிர்ந்துகொள்ளும் சிறியவற்றை மட்டும் பக்கத்தில் சேருங்கள். எல்லாமே கவனத்தை இழுக்கச் செய்யப்பட்ட விளம்பரங்கள், நெருக்கி அடுக்கினால் ஒன்றையொன்று கத்தி அமுக்கிவிடும். சட்டம் தகரத்திலேயே அமைந்த பலகைக்கு இன்னொரு சட்டம் போடாதீர்கள். கண்ணாடி போட்டால் அது அச்சைத் தொடாத இடைவெளி விட்டுப் போடுங்கள், ஒட்டினால் வார்னிஷ் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும்.

11. வருடத்துக்கு இரண்டு தரம்

பலகையை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். புதிதாக ஆரஞ்சு நிறத் தூள் தெரிந்தால் துரு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அறையின் ஈரத்தை ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வைக்க முயலுங்கள், சுவரையும் மாற்றிப் பாருங்கள். வாங்கிய அன்று எடுத்த படத்தை வைத்து வண்ணத்தை ஒப்பிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருதரம், வெயில் முடிந்ததும் ஒருதரம் பார்த்தால் போதும், தூசியை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம்.